தாத்தா வீட்டு ஏர் சாமான், குதிரு, உரலு எதை வச்சுக்கலாம்? இலோகோஸ்ல பாத்ததுலேருந்து ஒரு யோசனை

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு நீடாமங்கலம் பக்கம், இப்ப வேலை பிலிப்பைன்ஸ்ல, லூசான் தீவோட வடமேற்கு மூலைல இலோகோஸ் நோர்டேன்னு ஒரு மாகாணம், கடலோரமா காத்தாலை வரிசையா நிக்கும், அதுல பராமரிப்பு வேலை. விஷயம் என்னன்னா ஊர்ல எங்க தாத்தா வீடு 2018 கஜா புயல்லயே ஓடெல்லாம் பறந்து ஒரு பக்கம் செவுரு சாஞ்சு பூட்டியே கெடந்துச்சு, இப்ப பங்காளிங்க எல்லாம் கூடிப் பேசி அறுப்பு முடிஞ்சதும் இடிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. உள்ள நெல்லு கொட்டி வைக்கிற பத்தாயம், குதிரு, மரக்கலப்பை, சேத்தைச் சமன் பண்ற பரம்பு, நெல்லு அளக்குற மரக்கால், உரலு உலக்கைன்னு என்னென்னமோ கெடக்குது. பழைய இரும்புக்காரர் வந்து பாத்துட்டுப் போயிட்டாராம், மரத்தையெல்லாம் அடுப்புக்கு வச்சுக்கலாம்னு சித்தப்பா சொல்றாரு. எனக்கு மனசு கேக்கல.

ஏன் கேக்கலன்னா இங்க பாத்த ஒரு விஷயம். லவாக் டவுன்ல பழைய புகையிலைக் கிடங்கு ஒண்ண அப்படியே மியூசியமா மாத்தி வச்சிருக்காங்க, அதுல இந்தப் பக்கத்து இலோகானோ சனங்களோட வயல் சாமான், வீட்டு சாமான் எல்லாம் இருக்கு. உள்ள போனா ஏதோ நம்ம ஊரு கொல்லைல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. மரத்துல கடைஞ்ச உரலு, அதை அல்சோங்ன்னு சொல்றாங்க, மூங்கில் முறம் வட்டமா இருக்கு, அது பிகாவ். பானைக்கு அடியில வைக்கிற பிரிமனை கூட இருக்குங்க, திக்கின்னு பேரு. கலப்பை மட்டும் வேற மாதிரி, ஒத்தை எருமை இழுக்குறது, அதனால நுகத்தடி நம்மளுது மாதிரி நீளம் இல்ல, ஒரு எருமை கழுத்துக்கு மட்டும் வளைச்ச கட்டை. சேத்துல சக்கரம் எறங்கிடும்னு சக்கரமே இல்லாத சறுக்கு வண்டி ஒண்ணு, பசகாத்ங்கிறாங்க, எருமைய பூட்டி மூட்டைய வச்சு இழுத்துட்டுப் போறது.

எனக்கு ரொம்ப நேரம் நிக்க வச்சது ராக்கெம்னு ஒரு சின்ன கத்தி. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். ஒரு மரத்துண்டு, அதுல பதிச்ச சின்ன பிளேடு, அவ்வளவுதான். கட்டைய உள்ளங்கைல வச்சு விரலுக்கு நடுவுல பிளேடு தெரியுற மாதிரி புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கதிரா விரலாலயே இழுத்து அறுக்குறாங்க. தாளை அறுக்குறதில்ல, கதிரை மட்டும். கூட வேலை பாக்குற இலோகானோ பெரியவர் ஒருத்தர் பேனாவை வச்சு எப்படிப் புடிக்கிறதுன்னு காமிச்சாரு. அந்தக் கையசைவு இல்லேன்னா அந்தக் கத்தி என்னன்னே எனக்குப் புரிஞ்சிருக்காது.

இப்ப கேள்விங்க. நம்ம டெல்டாவுல இந்த மாதிரி கதிரை மட்டும் அறுக்குற கத்தி இருந்துச்சா? வீட்டுல இருக்கறதுல எதெதை கண்டிப்பா வச்சுக்கணும்? ஊர்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் கிடைக்கும்னு நம்புறேன், அங்க வச்சா என்ன எழுதி வைக்கணும்? கரையான் செல்லு அரிக்காம எப்படிக் காப்பாத்துறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, எனக்கு நெசமாவே அவசரம்.

குடமுருட்டி:

தம்பி, முதல்ல சித்தப்பாகிட்ட போன் போட்டு எதையும் வெட்ட வேண்டாம்னு சொல்லிடு, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கதிரை மட்டும் அறுக்குற கத்தி எங்க திருவையாறு பக்கம் நான் பாத்ததில்ல. ஏன்னா நமக்கு நெல்லு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு வைக்கோலும் முக்கியம். மாட்டுக்குத் தீனி அதுதான், கூரை மேயுறது அதுதான், கட்டுறதுக்குக் கயிறா பிரி திரிக்கிறது அதுதான். அதனால கருக்கருவாளை வச்சு அடியோட அறுத்து, அரி அரியா போட்டு, கட்டு கட்டி களத்துக்குக் கொண்டாந்து அடிப்போம். கருக்கருவாள்ல பல்லு பல்லா ரம்பம் மாதிரி வெட்டியிருக்கும், கொல்லர் உளியால ஒவ்வொரு பல்லா கொத்துவாரு, அந்தப் பல்லு உள்பக்கமா சாஞ்சிருக்கணும், இழுக்கும்போதுதான் அறுக்கணும். நீ சொல்ற ஊர்ல பழைய உசரமான ரகங்க ஒரே வயல்ல முன்ன பின்ன பழுக்கும், பழுத்த கதிரை மட்டும் பாத்துப் பாத்து எடுக்க அந்தக் கத்தி தோது, கதிரையே கட்டா கட்டி வச்சுக்கிட்டு வேணுங்கிறப்ப குத்திக்கலாம். ஒண்ணா பழுக்குற குட்டை ரகம் வந்ததும் அங்கயும் அருவாதான். அந்தக் குட்டை ரகத்துல பேர் போனது ஒண்ணு நீ இப்ப இருக்கிற நாட்டுலேருந்துதான் வந்துச்சு தம்பி, லாஸ் பாஞோஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ல வெளியிட்ட ஐ.ஆர்.8. இங்க தஞ்சாவூர் ஜில்லாவுல அதே காலத்துல ஆடுதுறை 27 பரவுச்சு. நெல்லோட உசரம் மாறுனா அறுக்குற கை மாறும், கட்டுற பிரி மாறும், வைக்கோல்போரு மாறும், எல்லாம் மாறும். இதை நீ எழுதி வைக்கணும், மத்தது எது விட்டுப்போனாலும் இது இருக்கணும்.

கலப்பைய தனித்தனியா கழட்டி வைக்காத. நீளமான ஏர்க்கால், கைப்புடி மேழி, மண்ணைக் கீறுற கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு எல்லாம் பூட்டுன மாதிரியே இருக்கணும். நுகத்தடிய தூக்கிப் பாரு, எங்க பக்கம் நுணா மரத்துல செய்வாங்க, வெயிட்டு இருக்காது, மாட்டுக் கழுத்து புண்ணாகாது. ஏர்க்கால் நுனியில ரெண்டு மூணு எடத்துல வெட்டு இருக்கும் பாரு, கயிறை எந்த வெட்டுல கட்டுறோம்ங்கறத வச்சு கொழு எவ்வளவு ஆழம் எறங்கும்னு மாறும். மாடு சின்னதா பெருசாங்கறதுக்கும் அதுதான். இந்த வெட்டை போட்டோ எடுத்து தனியா வை. பரம்புப் பலகைல நடுவுல வழுவழுன்னு தேஞ்சிருந்தா அது ஆளு நின்ன எடம், சேத்துல மாடு இழுக்க மேல ஆளு நின்னு பேலன்ஸ் பண்ணி போவான், நானே சின்ன வயசுல நின்னுருக்கேன், அதுமாதிரி சந்தோசம் வேற ஒண்ணும் கிடையாது.

இறைகூடை இருக்கான்னு தேடு. வாய்க்கால் மட்டம் கீழ போயிட்டா ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னு ஆளுக்கு ரெண்டு கயிறா புடிச்சு ஊஞ்சல் மாதிரி வீசி தண்ணிய வயலுக்கு ஏத்துவாங்க. மோட்டார் வந்ததும் முதல்ல காணாமப் போனது அதுதான்.

அரசலாறு:

தம்பி கலப்பை கருக்கருவாள் எல்லாம் யாராச்சும் எடுத்து வைப்பாங்க. பொம்பளைங்க புழங்குன சாமானைத்தான் யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதனால நான் அதையே சொல்றேன்.

நெல்லு கொட்டி வைக்கிற குதிரு, அதை உடைக்க விட்டுடாதீங்க. எங்க வீட்ல இருந்தது மண் உறைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, மூட்டுல களிமண் பூசி, ஆள் உசரத்துக்கு நிக்கும். மேல வழியா நெல்லைக் கொட்டுறது, கீழ ஒரு ஓட்டை, அதுல துணிய அடைச்சு சாணி மொழுகி வச்சிருப்பாங்க, எடுக்கணும்னா துணிய இழுத்தா நெல்லு தன்னால வரும்.  உள்ள நொச்சி தழையும் வேப்பந்தழையும் போட்டு வச்சா அந்துப்பூச்சி அண்டாது. அதை நகத்தும்போது உறை உறையா கழட்டி, ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு, மேல எது கீழ எதுன்னு குறிச்சு, வைக்கோலைப் பரப்பி வண்டில ஏத்துங்க, ஒண்ணா தூக்குனா உடைஞ்சிடும்.

உரலு கல்லா மரமான்னு சொல்லல. எதுவா இருந்தாலும் குழிக்குள்ள கைய விட்டு தடவிப் பாருங்க, எந்தப் பக்கம் அதிகமா தேஞ்சிருக்குன்னு குறிச்சு வைங்க. உலக்கை அடியில இரும்புப் பூண் இருக்கா பாருங்க. நெல்லு குத்தும்போது தெறிக்காம இருக்க உரலு வாய் மேல குந்தாணின்னு ஒரு வளையத்தை வைப்போம், அது தனியா எங்கயாச்சும் மூலைல உருண்டு கெடக்கும், நெறைய பேரு அது என்னன்னே தெரியாம தூக்கிப் போட்டுடுறாங்க. ரெண்டு பேரு ஒரே உரல்ல மாத்தி மாத்தி குத்தும்போது ஒருத்தர் உலக்கை எறங்குறப்ப இன்னொருத்தர் உலக்கை ஏறணும், கணக்கு தப்பினா கை போயிடும், அந்தத் தாளத்துக்குத்தான் பாட்டே. மாவு இடிக்கிறப்ப சத்தத்தை வச்சே எங்கம்மா சொல்லிடுவாங்க, இன்னும் குருணை இருக்கு, இப்ப சலிக்கலாம்னு.

முறத்துக்கு வெந்தயத்தை அரைச்சு ஊறவச்ச காகிதக் கூழோட சேத்து மொழுகிக் காயவைப்பாங்க, அப்பத்தான் மூங்கில் இடுக்குல மாவு சிக்காது. ஒரே முறத்துல எத்தனை வேலை தெரியுமா. புடைக்கிறது வேற, உமியும் தூசும் முன்னாடி பறந்து போவும். நாவுறது வேற, லேசா சாய்ச்சு பக்கவாட்டுல ஆட்டுனா குருணை ஒரு பக்கம் அரிசி ஒரு பக்கம் ஒதுங்கும். கொழிச்சா கல்லு தனியா நிக்கும். இதையெல்லாம் எழுதி வச்சா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் வெளங்காது தம்பி, உங்க தெருவுலயே வயசான ஒரு அம்மாவை உக்கார வச்சு கால் படி அரிசியக் குடுத்து புடைக்கச் சொல்லி மணிக்கட்டு தெரியுற மாதிரி வீடியோ எடுங்க. இன்னிக்கு இருக்கறவங்க இருக்கும்போதே எடுங்க.

அப்புறம் கேக்க மறந்துட்டேன், அங்க ஊறுகாய்க்கெல்லாம் என்ன புழங்குறாங்க? ஜாடியா?

வெண்ணாத்தங்கரை:

அக்கா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. சித்தப்பாகிட்ட பேசிட்டேன், எதையும் தொட மாட்டேன்னு சொல்லிட்டாரு.

ஜாடி இருக்குக்கா, அதுக்குன்னே ஒரு தெரு இருக்கு. விகான்னு பக்கத்து மாகாணத்துல பழைய ஊரு ஒண்ணு, 1999ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அங்க பர்னாய்னு பெரிய பெரிய சாடி செய்றாங்க, நல்லா கெட்டியா பழுப்பா இருக்கும், நம்ம மண்பானை மாதிரி தண்ணி கசியாது. களிமண்ணை எருமைய விட்டு மிதிக்க வைக்கிறாங்க, நம்ம களத்துல மாட்டை விட்டுப் போரடிக்கிற மாதிரியே சுத்திச் சுத்தி. அதுல உப்பு போட்ட மீன் விழுது, கரும்புச்சாறு வினிகர், பாசின்னு கரும்புக் கள்ளு எல்லாம் போட்டு புளிக்க வைப்பாங்க. அந்தப் பாசிய வீட்டுல காய்ச்சக் கூடாதுன்னு ஸ்பெயின்காரன் தடை போட்டதுக்கு 1807ல சனங்க சண்டையே போட்டிருக்காங்க. இப்பவும் அந்த சாடி வீட்டுல புழக்கத்துல இருக்கு, மியூசியத்துக்கு மட்டும்னு போயிடல, எனக்கு அதுதான் ஏக்கமா இருக்கு.

இன்னொண்ணு, சுரைக்காய முத்த விட்டு காயவச்சு பாதியா வெட்டி உள்ள மூங்கில்லயோ பிரம்புலயோ பின்னல் வச்சு தொப்பி செய்றாங்க, மழைக்கும் வெயிலுக்கும். அப்ரா மாகாணத்துல இந்த தொப்பி செய்ற தியோஃபிலோ கார்சியாங்கிற பெரியவருக்கு 2012ல நாட்டோட வாழும் பொக்கிஷம்னு அரசாங்கமே பட்டம் குடுத்திருக்கு. ஒரு விவசாயி, தொப்பி செஞ்சதுக்கு. நம்ம ஊர்ல குதிரு போடத் தெரிஞ்ச அம்மாவுக்கு யாரு குடுத்தா?

தலைஞாயிறு:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க, நான் கொஞ்சம் வேற பக்கத்துலேருந்து சொல்லணும், தப்பா எடுத்துக்க வேண்டாம்.

பத்தாயமும் குதிரும் நெல்லு இருந்த வீட்டுல இருக்கும். நெல்லை வெளைவிச்ச வீட்டுல இருக்காது. எங்க தாத்தா பாட்டி பண்ணைல வேலை பாத்தவங்க. எங்க வீட்டுல இருந்தது கருக்கருவாள், களைக்கொட்டு, மம்பட்டி, மீன் புடிக்கிற ஊத்தா, பறி, அப்புறம் நடவுக்குப் போறப்ப மழைக்கு முதுகுல போட்டுக்குற கொங்காணி. தம்பி உங்க தாத்தா வீட்டுச் சாமானை மட்டும் வச்சா வயலோட பாதிதான் அந்த ரூம்ல இருக்கும். குடியானத் தெருவைத் தாண்டி வந்து எங்க தெருவுலயும் கேளுங்க, குடுப்பாங்க, ஆனா யாரு வீட்டுது, என்ன வேலைக்குப் புழங்குனதுன்னு மரியாதையா எழுதி வைக்கணும்.

முக்கியமா அந்த மரக்கால். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். களத்துல குவிச்ச நெல்லுப் பொலி அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னு ஆரம்பிச்சு ரெண்டு மூணுன்னு போவாங்க, அதை எல்லாரும் அழகா சொல்லுவாங்க. ஆனா அதே மரக்கால்தான் எங்களுக்குக் கூலி அளந்தது. தலைவழிச்சு மட்டமா அளக்குறதா கும்பாரமா குவிச்சு அளக்குறதாங்கறதுல ஒரு வீட்டு ராத்திரிச் சோறு இருந்துச்சு. வாங்குறதுக்கு ஒரு மரக்கால் கூலி குடுக்க ஒரு மரக்கால்னு சில எடத்துல வச்சிருந்ததா எங்க தாத்தா சொல்லுவாரு. 1952ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறமும் நெல்லுக் கூலிக்காக எவ்வளவு போராட்டம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணில 44 பேரை குடிசைல வச்சு எரிச்சாங்களே, அதுக்குப் பின்னாடி இருந்தது இந்த நெல்லுக் கூலித் தகராறுதான். இப்ப கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பமா எடை போடுறாங்க, பசங்களுக்கு மரக்கால்னா பித்தளைப் பாத்திரம் அவ்வளவுதான். அதுக்குப் பக்கத்துல லாபம்னு எண்ணுனதையும் எழுதுங்க, கூலி அளந்ததையும் எழுதுங்க. ரெண்டும் சேந்ததுதான் அந்த மரக்கால்.

கொங்காணி வேணும்னா இப்ப எங்கயும் கிடைக்காது. சாக்கை ஒரு மூலைய உள்ள தள்ளி மடிச்சு தலைல போட்டுக்குறது ஞாபகம் இருக்கறவங்க நெறைய பேரு இருக்காங்க, அதுக்கு முன்னாடி தழைல முடைஞ்சது. எங்க அத்தைக்கு முடையத் தெரியும், கேட்டு சொல்றேன்.

வெண்ணாத்தங்கரை:

அண்ணே தப்பா எடுத்துக்க ஒண்ணுமே இல்ல, நீங்க சொல்லலேன்னா எனக்கு இது தோணியிருக்காது. இங்கயும் நெல்லு அளக்க சாலுப்னு ஒரு சதுர மரப்பெட்டி இருக்கு, 3 லிட்டர், 25 சாலுப் சேந்தா ஒரு கபான். மியூசியத்துல அதைப் பாத்தப்ப எனக்கு அளவு மட்டும்தான் மண்டைல ஏறுச்சு, அதை வச்சு யாருக்கு யாரு அளந்தாங்கன்னு கேக்கத் தோணல. அடுத்த தடவை அந்தப் பெரியவர்கிட்ட கேக்குறேன். ஊருக்கு வந்ததும் உங்க தெருவுக்கு நானே வர்றேன். தழை கொங்காணி மாதிரியே இங்க பனை இனத்து ஓலைல முதுகுக்கு ஒண்ணு இருக்கு, அன்னங்காங்கிறாங்க, போட்டோ அனுப்புறேன், அத்தைகிட்ட காமிங்க.

தச்சுப்பட்டறை:

மரச்சாமான் காப்பாத்துறதைப் பத்தி கேட்டிருந்தீங்க. எங்க குடும்பம் கும்பகோணம் பக்கம் வண்டி வேலை, கலப்பை வேலை செஞ்ச குடும்பம். தயவு செஞ்சு வார்னிஷ் பெயிண்ட் எதுவும் அடிக்காதீங்க, கை பட்டுப் பட்டு ஏறுன பளபளப்பு போயிடும், அதுதான் அந்த சாமானோட வயசு. தண்ணி ஊத்திக் கழுவவும் வேணாம், காய்ஞ்ச தேங்கா நாரு இல்ல மெல்லிசு பிரஷ்ஷால மண்ணைத் தட்டுங்க. செல்லு புடிச்சதை முதல்ல தனியா பிரிச்சு வெளிய வைங்க, நல்ல மரத்தோட சேக்காதீங்க. நிழல் காய்ச்சலா காயவிட்டு, வேப்பெண்ணெய துணில தொட்டு லேசா மூணு நாலு கை தேய்ங்க, ஒரே தடவைல ஊறப் போடாதீங்க, பிசுபிசுன்னு தூசு புடிக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரம் முடிஞ்சு தைக்கு மேல தேய்க்கிறது நல்லது. தரைல நேரா வைக்காம செங்கல் மேல பலகை போட்டு வைங்க, செவுத்த ஒட்டியும் வைக்காதீங்க, செல்லு செவுரு வழியாத்தான் ஏறும். கொழு, அருவா மாதிரி இரும்புல துருவ சுரண்டிட்டு லேசா எண்ணெய் தடவுனா போதும்.

பத்தாயத்தைப் பிரிக்கறப்ப ஆசாரி ஒருத்தரைக் கூட வச்சுக்குங்க. பழைய பத்தாயத்துல பள்ளமா காடி வெட்டி பலகைய மேலேருந்து சொருகியிருப்போம், ஆணி குறைச்சலா இருக்கும், வரிசை தெரியாம கடப்பாரைய வச்சு நெம்புனா காடி பிளந்துடும். பலகை உள்பக்கம் கரியால அடையாளம் போட்டிருந்தா அழிச்சிடாதீங்க, அது நாங்க போட்ட வரிசை நம்பர்.

குடமுருட்டி:

ஆசாரி தம்பி சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. நெல்லு வைக்கிற வைக்கோல் சேரு கட்டுறதைக் காமிக்க முடிஞ்சா காமிங்க. வைக்கோல்ல பிரி திரிச்சு சுத்திச் சுத்தி உசத்திக்கிட்டே உள்ள நெல்லைக் கொட்டி மேல மூடிடுவோம், ஒரு பலகை ஒரு ஆணி வேணாம், வெறும் வைக்கோலே கிடங்கு. ஆனா இப்ப மிஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கிப் போயி வருது, பிரி திரிக்க நீளம் பத்தாது. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் ஐயா பாரம்பரிய நெல்லை மீட்டு பரப்புனதுலேருந்து மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் எல்லாம் நெறைய பேரு போடுறாங்க, அதுல தாளு ஆள் உசரம் வரும். கையால அறுக்குற ஆளுகிட்ட சொல்லி வச்சு நாலு கட்டு வைக்கோல் வாங்கிக்குங்க. பிரி திரிக்க நான் வர்றேன், கூட ஒரு ஆளு இருந்தா போதும்.

அரசலாறு:

எங்க வீட்ல மாவு திரிக்கிற ஏந்திரக்கல் ஒண்ணு இருக்கு, மேல் கல்லு கீழ் கல்லு ரெண்டும் நல்லாவே இருக்கு, மரப்புடி மட்டும் இல்ல. தர்றேன், ஆனா வெயிட்டு ஜாஸ்தி, நாச்சியார்கோவில் பஸ்ல ஏத்த முடியாது, குட்டி யானை வண்டி எதாச்சும் இந்தப் பக்கம் வர்றப்ப சொல்லுங்க. வெத்தல இடிக்கிற சின்ன உரலும் இருக்கு, அது எங்க மாமியாரோடது, அதைக் குடுக்க மாட்டேன், வேணும்னா போட்டோ எடுத்துக்குங்க.

வெண்ணாத்தங்கரை:

அக்கா புடிய தச்சுப்பட்டறை அண்ணன்கிட்ட கேட்டுக்கலாம். லீவு போட்டிருக்கேன், வந்ததும் இங்கயே எழுதுறேன். ஐயா வைக்கோலுக்கு இப்பவே சொல்லி வச்சிடுறேன். தலைஞாயிறு அண்ணே, உங்க அத்தை கொங்காணிக்கு என்ன தழை வேணும்னு மட்டும் கேட்டு வைங்க, காய்ஞ்சு போறதுக்கு முன்னாடி வெட்டணுமா காயவச்சு வெட்டணுமான்னும் சேத்துக் கேளுங்க.

தலைஞாயிறு:

கேட்டுட்டேன். பச்சையா வெட்டி ஒரு நாள் வாட விட்டுத்தான் முடையணுமாம், காய்ஞ்சா மடிக்கிறப்ப ஒடிஞ்சிடும். நீங்க வர்றதுக்கு முதல் நாள் போன் பண்ணுங்க, நான் வெட்டி வைக்கிறேன்.